பனியில் ஓடும் வண்டியும் வல்கூர் கராஜ்காரரும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை சந்தை முனையில் ஒரு தாய் என்னை மறித்தார். மகன் என்னிடம் வரலாறு படித்தவன், இப்போது கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் வேலை. "சேர், நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். பனி மலையில ஓடுற மோட்டச் சைக்கிள் ஒண்டு வாங்கப் போறானாம். ஓட்டிப் பழக்கமும் இல்லையாம். எனக்கு ராவைக்கு நித்திரை இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் மகனுடைய வொய்ஸ் மெசேஜும் கிடக்கிறது. அவன் பார்த்து வைத்திருப்பது 850 சீசீ, டேர்போ பூட்டியது. "எப்படி சேர்?" என்று கேட்கிறான்.

நான் என்னத்தைச் சொல்வது? வாழ்க்கையில் நான் கண்ட பனி, ஒரு ஜனவரி விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லின் மேல் வெள்ளையாக உறைந்து கிடந்தது மட்டும்தான். ஆனாலும் வரலாறு படிப்பிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சாமானைப் பற்றி யாராவது கேட்டால், அது யாருடைய கையில் பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தேடப் போய்விடுவான். மூன்று இரவுகள் அதில் போய்விட்டன. தேடியதை அவனுக்கு எழுதினேன். ஊரில் இன்னும் பல பிள்ளைகள் கனடாவிலும் நோர்வேயிலும் இருப்பதால் இங்கேயும் போடுகிறேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்றொரு சிற்றூர். 1907இல் அங்கே பிறந்தவர் ஜோசப் அர்மான்ட் பொம்பார்டியே. சின்ன வயதிலேயே கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை. பதினைந்து வயதில், 1922இன் கடைசி நாட்களில், பழைய ஃபோர்ட் கார் ஒன்றின் இஞ்சினை எடுத்துச் சறுக்குவண்டியில் பூட்டி, பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு மரக் காற்றாடியும் வைத்து, தம்பியை முன்னால் சுக்கான் பிடிக்க இருத்தி ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார். வண்டி ஓடியது. ஆனால் பின்னால் மறைப்பில்லாமல் சுழல்கிற காற்றாடியைக் கண்ட தகப்பன் அன்றைக்கே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். உலகத்தில் ஸ்னோமொபைலுக்கு முதல் பயந்தவர் ஒரு வாப்பா என்பதை எங்கள் மாணவனின் உம்மாவுக்குச் சொன்னேன். சிரித்தார். கொஞ்சம்தான்.

பையனைப் பாதிரியார் ஆக்கப் படிக்க அனுப்பினார்கள். மனம் ஒட்டவில்லை. பத்தொன்பது வயதில் ஊரிலேயே ஒரு கராஜ் போட்டார். கோடையில் கார் திருத்துவது, மாரியில் பனியில் ஓடும் வண்டிக்கு முயல்வது. அந்தக் காலத்தில் கியூபெக்கின் நாட்டுப்புறத் தெருக்களில் மாரி முழுவதும் பனி அகற்றப்படுவதில்லை. கார்களைக் கொட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, வசந்தம் வரும்வரை ஆட்கள் குதிரைச் சறுக்குவண்டியில்தான் போய்வருவார்கள்.

1934 மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிப்போனது. பெரிய ஆஸ்பத்திரி இருந்தது ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால், ஷெர்புரூக் நகரில். தெருக்கள் பனியில் மூடிக் கிடந்தன. கராஜில் அவர் செய்து பார்த்துக்கொண்டிருந்த வண்டிகளில் ஒன்றுகூட அன்றைக்கு ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை இறந்துபோனது.

வெள்ளத்தில் ரோடு முறிந்து, நோயாளியை உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்து ஏற்றிப் போன ஊர்க்காரருக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. பனி வண்டி செய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒரு மனிதன். அவனுடைய பிள்ளைக்குத் தேவைப்பட்ட இரவில் வண்டி துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவருடைய வரலாற்றில் இந்த இடத்துக்கு வந்ததும் நான் போனை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

அடுத்த வருடமே வழி பிறந்தது. ரப்பர் போர்த்திய பற்சக்கரம், அது இழுத்துச் சுற்றுகிற ரப்பர்ப் பட்டி, பட்டியின் குறுக்கே உருக்குச் சட்டங்கள். சில்லு என்றால் பனிக்குள் புதைந்துவிடும். பட்டி பாரத்தைப் பரப்பிக்கொண்டு மேலேயே நிற்கும். 1937இல் காப்புரிமை கிடைத்தது. இதை வைத்து ஏழு பேர் போகும் மூடிய வண்டி, பிறகு பன்னிரண்டு பேர் போகும் வண்டி, பிறகு பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதற்கென்றே சி-18 என்று ஒரு பெரிய வண்டி. வாங்கியவர்கள் டொக்டர்மார், பாதிரிமார், தபால்காரர்கள், பிரேதம் கொண்டு போகிறவர்கள். ஒருவர்கூட விளையாட்டுக்காக வாங்கவில்லை.

சின்ன வண்டியில் விளையாடிப் பார்த்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கார்ல் எலியாசன் 1924இலேயே ஒரு நீளச் சறுக்குப் பலகையில் படகு மோட்டார் பூட்டி ஓடினார். காலில் குறையுள்ள மனிதர் அவர். வேட்டைக்குப் போகும் கூட்டாளிமாருக்குச் சமமாகப் பனியில் நடக்க முடியாததால் செய்தார். ஆக இரண்டு பேருடைய வண்டியும் இல்லாமையில் இருந்துதான் பிறந்திருக்கிறது.

பொம்பார்டியேயின் வியாபாரத்துக்கு அடி விழுந்த விதம் எனக்குப் பிடித்த பகுதி. 1948இல் கியூபெக் அரசாங்கம் நாட்டுப்புறத் தெருக்களிலும் பனி அகற்றவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அவருடைய பிள்ளை செத்தது எந்தக் குறையாலோ அந்தக் குறை தீர்ந்தது. அத்தோடு அவருடைய பெரிய வண்டிகளின் விற்பனையும் விழுந்தது! மனுசன் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. தெருவே இல்லாத இடங்களுக்கு வண்டி செய்யத் தொடங்கினார். சதுப்பிலும் காட்டிலும் ஓடும் டிராக்டர் முதலில் வந்தது. பிறகு, சிறிய, பாரம் குறைந்த இஞ்சின்கள் கிடைக்கத் தொடங்கியபோது, 1959இல், ஒருவர் இருவர் ஏறிப்போகும் சின்ன வண்டி வந்தது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்குப் பதிலாக வந்ததால் 'ஸ்கீ-டோக்' என்று பெயர் வைத்ததாகவும், அச்சில் எழுத்து மாறி 'ஸ்கீ-டூ' ஆகிவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். ஆர்க்டிக் பக்கம் அலைகிற பாதிரிமாரும் மிருகங்களுக்குப் பொறி வைக்கிறவர்களும் வாங்குவார்கள் என்பதே அவருடைய எண்ணம். வாங்கியது ஊர் முழுதும். 1964இல் ஐம்பத்தாறு வயதில் புற்றுநோயில் காலமானார். எந்த அளவுக்கு இது விளையாட்டாகப் பரவப் போகிறது என்பதை அவர் காணவில்லை. நான்கு வருடம் கழித்து, 1968 ஏப்ரலில், ரல்ப் பிளேஸ்டட் என்ற அமெரிக்கக் காப்புறுதி முகவரின் குழு ஸ்கீ-டூவிலேயே வட துருவம் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழுவில் பொம்பார்டியேயின் சகோதரர் மகன் ஒருவரும் இருந்தார். 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கு ஐந்து லட்சம் அளவில் விற்றது.

இன்னொரு சம்பவம், ஆசிரியர்களுக்காக. 1960களின் தொடக்கத்தில் பின்லாந்தின் வடகிழக்கு மூலைக்கு முதன்முதலில் போய்ச் சேர்ந்த ஸ்கீ-டூக்களில் ஒன்றை வாங்கியவர் ஒரு பாடசாலை ஆசிரியர். விறகு இழுக்கவும் ஓய்வு நேரத்தில் ஓடவும் வாங்கினார். அந்தப் பக்கம்தான் ஸ்கோல்ட் சாமி மக்கள் துருவமான் மேய்த்து வாழ்ந்தார்கள். பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நின்றது. கடைக்குப் போய்வர நாட்கணக்கான பயணம் மணிக்கணக்காகச் சுருங்கியது. நல்லதுதானே? ஆனால் வண்டிச் சத்தத்தில் மான்கள் மிரண்டு ஓடின, மெலிந்தன, கன்று ஈனுவது குறைந்தது. பெற்றோலுக்கும் பாட்ஸுக்கும் காசு வேண்டும் என்று மான்களை விற்றார்கள். முன்பு வீட்டுக்குச் சராசரி ஐம்பதுக்கு மேல் மான் வைத்திருந்த சமூகத்தில் அது பன்னிரண்டு அளவுக்கு இறங்கியது. வண்டியும் காசும் முதலில் கிடைத்தவன் மந்தையைத் தக்கவைத்தான், மற்றவன் மேய்ச்சலையே விட்டான். பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானிடவியலாளர் அங்கே இருந்து பார்த்து 1973இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். லேண்ட்மாஸ்டர் வந்த பிறகு எங்கள் வட்டைகளில் மாடுகளுக்கு நடந்ததைக் கண்டவர்கள் யாராவது இப்படி உட்கார்ந்து எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சரி, மாணவனுடைய வண்டிக்கு வருகிறேன். சமதரையில் ஓடுவதற்குப் பிறந்த சாமான் மலை ஏறியது பிந்தித்தான். மலையில் பனி இடுப்பு ஆழத்துக்கு, மாவு மாதிரிக் கிடக்கும். பழைய வண்டிகள் அதில் தாழ்ந்தன. ரொக்கி மலைப் பக்கத்து ஓட்டுநர்கள் தங்கள் கராஜ்களிலேயே பட்டியை நீட்டிப் பார்த்தார்கள். கம்பனிகள் அதைப் பார்த்து 1990களில் மலைக்கென்றே வண்டி விட்டன. ஸ்கீ-டூவின் 'சம்மிட்' 1994இல் வந்தது. இன்றைக்குச் சாதாரண பாதை வண்டியின் பட்டி 120 முதல் 137 அங்குலம் அளவில் இருக்க, மலை வண்டியில் 146, 154, 165 என்று போகிறது. பட்டியில் நிற்கும் ரப்பர் துடுப்புகள் இரண்டரை, மூன்று அங்குலம் உயரம். முன் சறுக்குக்கட்டைகள் இரண்டும் நெருக்கமாக இருக்கும். வண்டியைச் சரித்துப் பிடித்து மலைச் சரிவில் குறுக்கே போவதற்காக.

இங்கேதான் புதியவன் ஏமாறுகிறான். நீளமான பட்டி மிதக்கும், ஏறும், லேசில் புதையாது. ஆனால் மரங்களுக்கிடையில் திருப்புவது கடினம். 154 அளவில் ஒன்று பழகுகிறவனுக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது. அடுத்தது வலு. 1959 ஸ்கீ-டூவுக்கு ஏழு குதிரைவலு. இவன் கேட்கும் டேர்போவுக்கு 180! ஆயிரம் அடி ஏற ஏற, காற்று மெலிவதால் சாதாரண இஞ்சின் நூற்றுக்கு மூன்று அளவில் வலுவை இழக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் டேர்போ. நியாயமான காரணம்தான். ஆனால் அது, இறங்கத் தெரியாத உயரத்துக்கும் ஆளை ஏற்றிவிடும். 600 சீசீயே 125 குதிரைவலு தருகிறது. நாங்கள் ஊரில் பழகிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றையும் விட அது பல மடங்கு. முதல் மாரியில் அவன் ஓடுவதைவிடப் புதைந்த வண்டியைத் தோண்டி எடுப்பதுதான் அதிகமாக இருக்கும். இருநூறு கிலோ சாமானைத் தோளால் தள்ளிப் பார்த்தபிறகு வலுவைப் பற்றிய ஆசை தானாகவே குறையும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பழைய வண்டி வாங்கினால் கவனிக்க. இவற்றின் இஞ்சினைக் குளிராக்குவது பட்டி அள்ளி எறிகிற பனியேதான். பனி இறுகிக் கிடக்கும் பாதையில் நெடுந்தூரம் ஓடினால் சூடேறிவிடும். பனியைச் சுரண்டி எறிய இரண்டு கம்பி பூட்டுவார்கள். அது இல்லாமல் ஓடிய வண்டியா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

இதெல்லாம் சாமான் பற்றியது. உம்மாவின் நித்திரையைக் கெடுப்பது வேறு. 2008 டிசம்பர் 28, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி நகருக்குப் பக்கத்து மலையில் ஸ்னோமொபைல்காரர் பதினொரு பேர் பனிச்சரிவில் அகப்பட்டார்கள். எட்டுப் பேர் மௌத். எல்லாரும் ஸ்பார்வுட் என்ற ஒரே சின்ன நகரத்து ஆட்கள். அனுபவம் இல்லாதவர்கள் அல்ல. 2010 மார்ச் 13, ரெவல்ஸ்டோக் பக்கம் மலை ஏற்றப் போட்டி பார்க்க ஏறத்தாழ இருநூறு பேர் சரிவின் அடியில் கூடி நின்றபோது மேலிருந்து பனி இறங்கியது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேரளவில் காயப்பட்டார்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி உடைகிறது. ஏறி விளையாட ஓட்டுநர்களுக்கு ஆசையான சரிவும் அதுவேதான். புதைந்த ஆளைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் உயிர் இருக்கும், அதற்குப் பிறகு நம்பிக்கை வேகமாக விழும். ஹெலிகொப்டர் வருவதற்கு அது போதாது. கூட வந்தவன்தான் எடுக்கவேண்டும். அதற்கு அவனிடமும் உன்னிடமும் சமிக்ஞைக் கருவி, நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் உடம்போடு இருக்கவேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல. ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே ஒருவன் புதைந்து நின்றால் உதவ என்று மற்றவனும் ஏறக்கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமான சட்டம் இதுதான். கூட்டாளி விழுந்தால் ஓடிப்போகிற பழக்கம் எங்களுக்கு.

அவனுக்கு இவ்வளவையும் எழுதி, கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டேன். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு மலைவாரியாக அபாய அறிவித்தல் வெளியிடுகிறது, இரண்டு நாள் ஆரம்பப் பயிற்சிகளையும் பல இடங்களில் நடத்துகிறார்கள். வண்டிக்கு முன் அந்தப் பயிற்சிக்குக் காசு கட்டினாயா?

இரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நேற்று சுபஹுக்குப் பிறகு ஒரு படம் வந்தது. பயிற்சிக்குப் பதிந்த ரசீது. கீழே, "600, 154 அங்குலம், பாவித்தது. ஆள் விலை குறைக்கிறான் இல்ல சேர். உம்மாட்ட நீங்களே சொல்லுங்க" என்று எழுதியிருந்தான். அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவேண்டும். பொம்பார்டியேயின் மகனைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.