பெயர் இழந்த புத்தகம்

1310-ம் வருஷம் ஜூன் முதல் தேதி பாரிஸில் மார்கரீத் பொரேத் என்ற பெண்மணியை உயிரோடு கொளுத்தினார்கள். கடவுட் காதலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். பிஷப் அதை எரித்த பிறகும் பிறருக்குக் கொடுத்தாள். அதுதான் குற்றம். லத்தீனில் அல்ல, ஜனங்கள் பேசும் பிரெஞ்சில் எழுதினாள். ஆத்மா, அன்பு, அறிவு மூவரும் பெண்களாக வந்து வாதாடுகிறார்கள். நடுவே அறிவு என்பவள் உயிரையே விட்டுவிடுகிறாள்! 21 பண்டிதர்கள் கூடிக் கண்டித்தார்கள். விசாரணையில் அவள் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த மௌனந்தான் பெரிதாகப் படுகிறது.

புத்தகம் சாகவில்லை. அவள் பெயர் நீங்கியதும் மடத்துத் துறவிகளே பிரதி எடுத்துப் படித்தார்கள். 1927-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சபையின் அனுமதியோடேயே அச்சாயிற்று. எழுதியவள் இன்னாள் என்று 1946-ல்தான் ரொமானா குவார்னியேரி என்ற இத்தாலியப் பெண்மணி கண்டு சொன்னார்.