ஐரோப்பாவின் நோயாளிக்கு என்ன நோய்?

1853-ல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ், உதுமானியப் பேரரசை "நோயாளி" என்றார். பிறகு "ஐரோப்பாவின் நோயாளி" என்ற பட்டமே ஒட்டிக்கொண்டது.

நோயாளின்னு சொன்ன பிறகு டாக்டர் சும்மா இருக்க முடியுமா? வாங்க, கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம்👇

1299 வாக்கில் அனத்தோலியாவின் ஒரு சிற்றரசாகத் தொடங்கியது உஸ்மானின் வம்சம். 1453-ல் 21 வயது இரண்டாம் மெஹ்மது கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினார். 1529-ல் சுலைமானின் படை வியன்னாவின் வாசலில் நின்றது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம், இளவரசர்களுக்குக் கிடைத்த பயிற்சி.

மனிசா, அமாஸ்யா போன்ற மாகாணங்களுக்கு ஆளுநராக அனுப்பிவிடுவார்கள். வரி, வழக்கு, படை எல்லாம் அங்கேயே பழக வேண்டும். நம்ம ஹவுஸ் சர்ஜன் மாதிரி😊 சுலைமானும் மனிசாவில் பழகியவர்தான்.

ஆனால் இதற்கு ஒரு கொடூரமான மறுபக்கமும் உண்டு.

அரியணை ஏறுபவர் தன் சகோதரர்களைக் கொல்லலாம் என்று இரண்டாம் மெஹ்மது சட்டமே போட்டார். உள்நாட்டுப் போரைத் தடுக்கவாம்! 1595-ல் மூன்றாம் மெஹ்மது பட்டத்துக்கு வந்தபோது கொல்லப்பட்ட தம்பிகள் 19 பேர்.

1603-ல் 13 வயதில் சுல்தானான முதலாம் அஹ்மது, தன் தம்பி முஸ்தஃபாவைக் கொல்லவில்லை. அதன் பிறகு, வம்சத்தில் வயதில் மூத்தவருக்கே பட்டம் என்ற வழக்கம் வந்தது.

நல்ல மாற்றம்தானே? ஆமாம். ஆனால் பாதி சிகிச்சை.

உயிரோடு விட்ட இளவரசர்களை அரண்மனைக்குள் பூட்டி வைத்தார்கள். அந்த இடத்துக்குப் பெயரே "கஃபெஸ்". அதாவது கூண்டு. மாகாணப் பயிற்சியும் நின்றுபோனது.

1640-ல் இப்ராஹிமிடம் "நீங்கதான் சுல்தான்" என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. தன்னைக் கொல்ல நடக்கும் சூழ்ச்சி என்று நினைத்தார். அண்ணனின் உடலைக் காட்டிய பிறகே வெளியே வந்தார் என்கிறார்கள்.

1687-ல் பட்டமேறிய இரண்டாம் சுலைமானுக்கு வயது 45. அதில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்.

பக்கவாதம் வந்தவரின் உயிரைக் காப்பாற்றிவிட்டு, பயிற்சியே கொடுக்காமல் படுக்கையில் போட்டால் என்ன ஆகும்? தசை சுருங்கிவிடும். அதுதான் இங்கேயும் நடந்தது.

இது மட்டுமே காரணமா? இல்லை. 1683-ல் வியன்னாவில் தோல்வி, 1699-ல் ஹங்கேரியின் பெரும்பகுதி இழப்பு, சீர்திருத்தத்தைத் தடுத்த ஜானிசரிப் படை, பால்கன் கிளர்ச்சிகள் எனப் பல உண்டு. நான்காம் முராத், இரண்டாம் மஹ்மூத் போன்ற வலிமையானவர்களும் இடையில் வந்தார்கள்.

மரணச் சான்றிதழில் உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்று தனித்தனியாக எழுதுவோம். உடனடிக் காரணம்: முதல் உலகப் போர்த் தோல்வி. அடிப்படைக் காரணங்களில் ஒன்றாக இந்தக் கூண்டையும் எழுதுவேன்.

1922 நவம்பரில் சுல்தான் பதவி ஒழிக்கப்பட்டது. கடைசி சுல்தான் ஆறாம் மெஹ்மது பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி வெளியேறினார்.

ஆள்பவர் அடுத்து வருபவரைப் பார்த்துப் பயந்தால், முதலில் நின்றுபோவது பயிற்சிதான். இது அரண்மனைக்கு மட்டுமா பொருந்தும்? நீங்களே சொல்லுங்க🙏