இதயத்துக்குள் ஒரு கட்டி: எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது?

எக்கோ அறிக்கையில் இதயத்துக்குள் ஏதோ ஒரு திணிவு தெரிகிறது என்று எழுதியிருந்தால், அதைக் கையில் வைத்திருப்பவரின் மனம் நேரே புற்றுநோய்க்குத்தான் போகும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. அதிகம் காண்பது இரத்தக்கட்டி. மாரடைப்பால் தசை அசையாமல் போன இடத்திலோ, துடிப்பு ஒழுங்கற்ற சோணையறையிலோ இரத்தம் தேங்கி உறைகிறது. வார்பரின் போன்ற மருந்துகளுக்கு அது பெரும்பாலும் கரையும்.

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் அரிது. வளர்ந்தோரில் அவற்றுள் முதலிடம் மிக்சோமாவுக்கு. ஜெலி போன்ற மென்மையான கட்டி. இரு சோணையறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரிலிருந்து ஒரு காம்பில் தொங்கும். நான்கில் மூன்று இடப்பக்கத்தில்தான் வரும். பெண்களில் சற்று அதிகம்.

இது வேறு நோய்களின் வேடம் போடக்கூடியது. கட்டி வால்வை அடைக்கும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கி விழுவர். படுத்தால் கூடி, திரும்பிப் படுத்தால் குறையும் மூச்சுத்திணறல் ஒரு நல்ல தடயம். விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, ஈ.எஸ்.ஆர் உயர்வு என்று வந்தால் காசநோயா, வாதக் காய்ச்சலா என்று தேடத் தோன்றும். எங்கள் பகுதியில் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். சிலரில் முதல் அறிகுறியே பாரிசவாதம்: கட்டியின் துணுக்கு உடைந்து மூளைக்குப் போய்விடுகிறது.

எக்கோ செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெளிவில்லாவிட்டால் உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ உதவும். மிக்சோமாவை எந்த மாத்திரையும் கரைக்காது. சத்திரசிகிச்சைதான் வழி, அதையும் பிந்தவிடக் கூடாது. 1954இல் சுவீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் இதை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். இன்றும் முறை அதுவே: இதயத்தை நிறுத்தி, காம்பு முளைத்த சுவர்ப் பகுதியுடன் கட்டியை வெட்டியெடுப்பார்கள். பின்னர் எக்கோ கண்காணிப்பு தேவை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூட.

எங்கள் ஆட்களிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி வேறொன்று: "செல் பீஸ் ஏதும் உடம்பில இருக்கா?" நெஞ்சில் பட்ட துண்டு மட்டுமல்ல, காலிலோ கையிலோ நாளத்துக்குள் புகுந்த சிறு துண்டும் இரத்தத்தோடு போய் இதயத்தின் வலப்பக்கத்தில் தங்கலாம். எக்கோவில் அதுவும் ஒரு திணிவாகத் தெரியும். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும். சரியான இடத்தை சி.டி ஸ்கேன் சொல்லும்.

இரண்டாம் உலகப் போரில் டுவைட் ஹார்க்கென் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், இங்கிலாந்தில் வைத்து, காயப்பட்ட வீரர்களின் இதயத்திலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் இருந்து 134 துண்டுகளை எடுத்தார். அவற்றில் 13 இதய அறைகளுக்குள் இருந்தவை. ஒருவர்கூட இறக்கவில்லை. அப்போது இதயத்தை நிறுத்தும் இயந்திரம் இல்லை. துடித்துக்கொண்டிருந்த இதயத்திலேயே செய்தார்.

அதற்காக எல்லாத் துண்டையும் எடுக்க வேண்டியதில்லை. தசைக்குள் முழுதாகப் புதைந்து, வருடக்கணக்காகத் தொந்தரவு தராததை விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்லது. அறைக்குள் அசைவது, முக்கியமாக இடப்பக்கத்தில், கிருமி தொற்றியது, மேலே இரத்தக்கட்டி படிந்தது ஆகியவைதான் எடுக்க வேண்டியவை.

எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால், துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காந்தத்தில் இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். 1995 இடப்பெயர்விலும் 2009இலும் வைத்தியசாலைத் துண்டுகளைத் தொலைத்தவர்கள் ஏராளம். எந்த வருடம் காயம், எந்தப் பக்கம், எத்தனை எடுத்தார்கள் என்று நினைவிலுள்ளதை ஒரு தாளில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள்.