கரிசல் பள்ளிக்கூடங்களின் பெயர்ப் பட்டியல்

பள்ளி விழா மலர் என்றால் 'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்' என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். மருத்துவர், பொறியாளர், மாவட்ட ஆட்சியர் என்று படத்தோடு வரிசையாக வருவார்கள். அந்தப் பக்கம் வேண்டியதுதான். ஆனால், தேர்ச்சி பெற்றுப் பதவிக்குப் போனவர்களை மட்டும் எண்ணினால், கரிசல் காட்டுப் பள்ளிகளின் பெருமையில் பாதி விடுபட்டுப் போகும்.

எப்போதும்வென்றானில் நின்று பாருங்கள். மதுரைச் சாலையில் வடக்கே போனால் எட்டயபுரம். தெற்கே சற்று ஒதுங்கினால் ஒட்டப்பிடாரம். ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார், தந்தை உலகநாத பிள்ளை ஊரார் துணையோடு எழுப்பிய பள்ளியில் ஆங்கிலம் படித்தார். மேற்படிப்புக்குத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போக வேண்டியிருந்தது. பத்தாண்டு இளையவரான எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியும் 1894இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குத்தான் போனார். அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலைத் தொழிலில் இறங்கி நொடித்தவர். 1897இல், பதினான்கு வயதில், படிப்புக்கு உதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்குப் பாட்டாகவே விண்ணப்பம் எழுதினான் அந்தப் பையன். அந்தப் பள்ளியிலிருந்து அவன் இறுதித் தேர்வு எழுதித் தேறி வெளியேறவில்லை. தந்தை மறைந்தபின் காசிக்குப் போய்த்தான் அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார் பாரதி. ஆனாலும் அவர் அமர்ந்து படித்த வகுப்பறையைத் திருநெல்வேலிப் பள்ளி இன்றுவரை போற்றி வைத்திருக்கிறது. தன்னிடம் சான்றிதழ் வாங்காத மாணவனைத் தலைமகனாகக் கொண்டாடும் அந்தப் பெருந்தன்மை மற்றப் பள்ளிகளுக்கும் வர வேண்டும்.

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவலைத்தான் இதில் முதன்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் இளமைத் தோழர்கள். அழகிரிசாமி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார்; தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தார்; பிறகு சென்னை, மலேசியா என்று பத்திரிகைப் பணியில் அலைந்தார். கி.ரா.வோ உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. சம்சாரியாக நிலத்தில் நின்றார். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில், சட்டையை வைத்துப் பிள்ளைகளுக்குள் நடக்கும் போட்டியைப் படித்தவர்களுக்குத் தெரியும், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மனசை அவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று. கி.ரா. செய்தது வேறொரு காரியம். ஊர்க்காரர்கள் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதியே செய்து கொடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மனிதரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து அமர்த்திக்கொண்டது.

1970இல் அழகிரிசாமிக்கும் 1991இல் கி.ரா.வுக்கும் சாகித்திய அகாதெமி விருது. அழகிரிசாமிக்கு அது மறைவுக்குப் பின்னரே கிடைத்தது என்பது இன்றைக்கும் மனசை அறுக்கிறது. 2021இல் கி.ரா. மறைந்தபோது, அவர் படித்த இடைசெவல் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியைப் புதுப்பிப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் கிடையாது.

பிள்ளைகள் இடைநின்றதற்குக் காரணங்களும் இந்த மண்ணிலேயே கிடக்கின்றன. மானாவாரி வெள்ளாமை, மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. பிறகு தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன காலத்தை, கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்த எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்ற படமாகவே எடுத்தார். பசித்த பிள்ளையைப் பள்ளியில் இருத்திவைக்கச் சோறு வேண்டும் என்று அறிந்த காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். கரிசல் பிள்ளைகள் பலர் பள்ளியில் நிலைத்ததற்கு அந்தச் சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னர் பூமணிக்கு 2014இலும், உருளைகுடி சோ.தர்மனுக்கு 2019இலும் அகாதெமி விருது கிடைத்தது. ஒரு சிறு வட்டாரத்துக்கு நான்கு விருதுகள்!

ஆகவே, மலர் தொகுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி அலமாரியில் கிடக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் அரிக்குமுன் எடுத்துப் படியெடுங்கள். தேறியவர், தேறாதவர், பாதியில் நின்றவர் என்று பாராமல் பெயர்களைத் தேடுங்கள். நல்ல சம்சாரி, நாயனக்காரர், ஹாக்கி விளையாட்டுக்காரர், கதைசொல்லி என்று யார் அதில் இருந்தாலும் அடுத்த மலரில் அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.