கண்மாய்: கண்ணும் வாயும் சேர்ந்த சொல்

மதுரையில் பழங்காநத்தத்துக்கு மேற்கே மாடக்குளம். ஊர்ப்பெயரில் இருப்பது குளம். ஊர்க்காரர் பேச்சிலோ அது கம்மாய். காஞ்சிபுரம் பக்கம் ஏரி, திருநெல்வேலியில் குளம் என்றெல்லாம் சொல்லப்படுவதைத்தான் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ச் சீமையில் கண்மாய் என்று எழுதி, கம்மாய் என்று சொல்கிறார்கள்.

சொல்லாய்வாளர் இதைக் கண் + வாய் என்று பிரிப்பார்கள். கண் என்பது துளை. தேங்காய்க்குக் கண் உண்டு, பாலத்துக்கும் உண்டு. வாய் என்பது வழி; கால்வாயில் இருப்பதும் அதுவே. ணகரம் மூக்கொலி. அதையொட்டிய வகரமும் மூக்கொலி ஏறி மகரமானது. பேச்சில் அந்த ணகரமும் மகரமாகிக் கம்மாய் பிறந்தது. அப்படிப் பார்த்தால், கரையடியில் நீர் வெளியேறும் மடையின் பெயர்தான் முழு நீர்நிலைக்கும் ஆகிவந்திருக்கிறது. இலக்கணத்தில் இது சினையாகுபெயர்.

பெயரிட்டவர்கள் சரியான உறுப்பைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள். தண்ணீரைத் தேக்கக் கரை போதும்; வயலுக்கு அளந்து கொடுக்க மடை வேண்டும். மிஞ்சிய நீர் கலுங்கு தாண்டி, மறுகாலாகி, அடுத்த கண்மாய்க்குப் போகும். சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் கரை கட்டுவதால் அது வளைந்தே அமையும். பறம்பு நாட்டில் அப்படியொரு கரையைக் கண்ட கபிலருக்கு எட்டாம் நாள் பிறை நினைவுக்கு வந்ததைப் புறநானூறு காட்டுகிறது.

மதுரைக்கு அடியில் இருப்பது கடினப்பாறை. அதன் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் தங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை சரிவில் ஓடிவிட்டால் அந்த வெடிப்புகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. கண்மாய் அந்த ஓட்டத்தை நிறுத்தி, நீர் இறங்க அவகாசம் தருகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறுவது இந்த நீர்தான். நீரோடு வந்த நுண்மண் அடியில் வண்டலாகப் படியும். கோடையில் அதை அள்ளி வயலில் இட்டார்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம் என்று ஒரே வேலையில் இரண்டு பலன்.

வற்றிய கண்மாயிலும் உயிர் உண்டு. நத்தை தன் ஓட்டு வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் கோடை உறக்கம் கொள்ளும். விரால் மீனால் காற்றையும் சுவாசிக்க முடியும் என்பதால் ஈரச் சேறு இருந்தாலே கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

வகுப்பில் நீர்ச்சுழற்சியை வரையும்போது மலை, மேகம், ஆறு, கடல் எல்லாம் இடம்பெறுகின்றன. பெரும்பாலும் கண்மாய் மட்டும் விடுபட்டுப்போகிறது. பாறை, மண், நீர், உயிர் என நான்கு பாடங்களையும் ஒரே இடத்தில் காட்டுவது அது. தல்லாகுளம், பீபீகுளம், உலகனேரி என்ற பெயர்களைச் சொல்லி வளரும் பிள்ளைகள், அவற்றின் பின்பாதி எதைக் குறித்தது என்று கேட்கத் தெரிந்தவர்களாக வேண்டும். ஆசிரியர்களே, இந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு பாடவேளையை மாடக்குளம் கரையில் வையுங்கள். மடையையும் கலுங்கையும் மாணவர்களையே வரையச் சொல்லுங்கள்.