பெருங்கம்பியும் சிறுகம்பியும்

அண்மையில் நம் உறவினர் ஒருவர் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில், வீடு கட்டத் தொடங்கினார். ஆள் வருவதை அறிந்து விளக்கு தானே எரிய வேண்டும், வாயிற்கதவு கைபேசியின் கட்டளைக்குத் திறக்க வேண்டும், மேல்தொட்டி நிரம்பியதும் நீர்ப்பம்பு தானே நிற்க வேண்டும் என்பன, நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் அவர் மகனின் விருப்பங்கள். இவற்றுக்கான கம்பிகளைப் பதிக்கும் முறையைக் கூறும் ஆங்கிலக் குறிப்பேடு ஒன்றை நம்மிடம் தந்து, வேலைக்காரர்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுதித் தரக் கேட்டார். மத்திய சர்க்காரின் தாள்களை மொழிபெயர்ப்பது நம் பிழைப்பு. ஆதலால் இதனை எளிதென்றே எண்ணினோம்.

முதல் வரியிலேயே தடுக்கிற்று. ‘தாழ்ந்த மின்னழுத்தம்’ என்றிருந்தது அங்கே. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளோ, 250 வோல்ட்டு வரையுள்ள அனைத்தையும் ‘தாழ்ந்தது’ என்றே வகுத்திருந்தன. அக்கணக்குப்படி, தொட்டால் உயிரைக் குடிக்கும் வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட்டும் தாழ்ந்ததே. குறிப்பேடு கருதியதோ 12, 24, 48 வோல்ட்டு. ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால், ஒன்றை மற்றொன்றென்று எண்ணி ஒருவர் கைவைக்கக் கூடும். ‘மிகத்தாழ் மின்னழுத்தம்’ என்று ஒரு தொடரை அமைத்துக்கொண்டு, மின்வேலை செய்பவரிடம் படித்துக் காட்டினோம். அவர் ஒரு கணம் யோசித்து, “சார், நீங்க சொல்றது பெல் ஒயர்தானே?” என்றார். அவர் தந்தையார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அரைநாள் தேடியும் நமக்கு அகப்படாத சொல் அவருக்கு வீட்டுச் சொத்தாக இருந்தது.

தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதையைப் பலர் அறிவர். ஆனால் பெருங்கம்பியின் கதையே சொல்லப்படுகிறது. மணிக்கம்பியின் கதை சொல்லப்படுவதில்லை. நாம் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிருவாகத்தில் இருந்த இச்சுரங்கங்கள் நீராவியால் இயங்கின. அருகே நிலக்கரி இல்லை. வெகுதொலைவிலிருந்து வந்த எரிபொருளின் செலவு பொன்னில் ஒரு பங்கை விழுங்கிற்று. காவிரியோ சிவசமுத்திரத்தில் வீணே வீழ்ந்துகொண்டிருந்தது. அதனைப் பிணிக்கும் திட்டத்தை மைசூர் அரசின் பொறியாளராயிருந்த ஜோலி டி லாட்பினியர் என்பார் வகுத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அதற்கு உறுதுணையாக நின்றார். 1902 ஜூன் 30ஆம் நாள் மின்விசை தங்கவயலை அடைந்தது. திவான் அதனைக் காணவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமானார்.

சிவசமுத்திரத்துக்கும் கோலாருக்கும் இடையே கம்பி சென்ற தொலைவு ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. இத்தொலைவைக் கடப்பதற்காகவே மின்னழுத்தத்தை 35,000 வோல்ட்டு அளவுக்கு உயர்த்தினர். அதன் காரணம் எளியது. கம்பிக்குத் தடை உண்டு, மின்னோட்டம் மிகுந்தால் கம்பி சூடேறும், அச்சூடே நட்டம். அழுத்தத்தை உயர்த்தினால் அதே ஆற்றலைச் சிறிய ஓட்டத்தால் அனுப்பலாம். அழுத்தம் இரட்டித்தால் நட்டம் நான்கில் ஒன்றாகும். 2,200 வோல்ட்டை 35,000 ஆக்கினால், அது ஏறத்தாழ 16 மடங்கு. நட்டமோ சுமார் 250இல் ஒரு பங்காகச் சுருங்கும்.

இக்கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உறவினர் வீட்டிலும் இதுவே குறுக்கிட்டது.

இனி மணிக்கம்பிக்கு வருவோம். சுரங்கத்தில் செங்குத்தாக இறங்கும் குழியை ‘ஷாஃப்டு’ என்பர். அதனுள் இரும்புக் கூண்டு வடத்தில் தொங்கும். மேலே எந்திரத்தை இயக்குபவருக்குக் கூண்டு தெரியாது. கீழே நிற்பவருக்கு அவர் தெரியார். இருவருக்கும் இடையே உள்ள மொழி மணியோசை ஒன்றே. இந்தியச் சுரங்க விதிகளில், ஓடும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் ‘நிறுத்து’. இரண்டு என்றால் ‘இறக்கு’. மூன்று என்றால் ‘ஆட்கள்’. மண் ஏற்றிய தொட்டியை இழுக்கும் வேகம் வேறு, மனிதர் நிறைந்த கூண்டை இழுக்கும் வேகம் வேறு. மூன்றாவது ஓசை கேளாமற் போனால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதியில் சுரங்கங்களில் ஒரு நீண்ட கம்பியைக் கீழிருந்து இழுக்க, மேலே ஒரு சுத்தி இரும்புத் தகட்டில் தட்டும். ஆழம் பெருகப் பெருகக் கம்பியின் சொந்தப் பாரமே அதனை நீட்டிவிடும். இழுத்த இழுப்பு மேலே போய்ச் சேராது. மின்மணி அவ்விடத்தைப் பிடித்தது இவ்வாறுதான். 1831இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி என்பவர், ஒரு மைல் நீளமுள்ள கம்பியின் மறுமுனையில் மணியை ஒலிக்கச் செய்து காட்டியிருந்தார். 1866இல் லெக்லாஞ்சே மின்கலம் வந்தபின் மணிக்கம்பி எங்கும் பரவிற்று. ஒரு கலம் தருவது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டு. சிலவற்றை வரிசையாக இணைத்தால் மணிக்குப் போதும்.

ஆனால் ஆழம் இங்கும் விடவில்லை. ஆயிரம் மீட்டர் ஷாஃப்டில் போக்கும் வரவுமாக 2,000 மீட்டர் கம்பி வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் தடை 35 ஓம் ஆகிறது. மின்கலத்தின் பெரும்பங்கு வலு வழியிலேயே கரைந்துபோகும். இதற்குரிய வழியும் ஹென்றியின் காலத்தே தோன்றியதுதான். கீழிருந்து வரும் மெலிந்த மின்னோட்டம் பெரிய மணியை அடிக்க வேண்டா. சிறிய மின்காந்தத் திறப்பான் ஒன்றை அசைத்தால் போதும். அத்திறப்பான் மேலேயுள்ள வலிய சுற்றை மூடி மணியை அடிக்கும். இதனை ‘ரிலே’ என்கிறோம். இன்று வீட்டுச் சுவரில் விரல்பட்டதும் 12 வோல்ட்டுக் கம்பி ஆணையிட, வேறொரு பெட்டிக்குள் 230 வோல்ட்டு விளக்கு எரிகிறதே, அதுவும் அந்த ரிலேதான். புதுமை என்று விற்கப்படுவனவற்றுள் பாட்டன் பொருள் இத்தனை இருக்கிறது!

சிறிய அழுத்தம் என்பதால் தீங்கு இல்லை என்று எண்ணியோர் பெருவிலை கொடுத்ததுண்டு. 1913 அக்டோபர் 14ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் செங்கனித் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர். காரணம் ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் ஐயத்துக்குள்ளானவற்றுள் மணிக்கம்பியின் பொறியும் ஒன்று. பின்னர் வீலர், தார்ன்டன் என்னும் அறிஞர் ஆராய்ந்தபோது, சில வோல்ட்டே ஆனாலும், மணியின் சுருளில் தேங்கிய ஆற்றல் சுற்று அறும் கணத்தில் பொறியாகத் தெறித்து வாயுவைக் கொளுத்தக் கூடும் என்று கண்டனர். இடர் வோல்ட்டில் மட்டும் இல்லை, பொறியின் ஆற்றலில் இருக்கிறது என்னும் தெளிவு அங்கே பிறந்தது.

கோலார் நிலக்கரிச் சுரங்கமன்று. அங்கே பேரச்சம் பாறை வெடிப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாளாத பாறை திடீரெனச் சிதறும். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் வந்த நம்மவர் பலர் அதில் மடிந்தனர். நில நடுக்கமானி ஒன்று 1912லேயே அங்கு வைக்கப்பட்டது. 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் பாறையின் அதிர்வைக் கேட்கும் உணர்கருவிகளைத் தரைமேலும் சுரங்கத்தினுள்ளும் பொருத்தி, கம்பிகள் வழியே மேலேயுள்ள பதிவு நிலையத்தோடு இணைத்தனர். பல இடங்களில் உணர்கருவி, ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கம்பி, எல்லாம் வந்து சேரும் ஒரே மையம்: குறிப்பேட்டிலிருந்த வரைபடமும் இதுவே. வீட்டில் அது ஆள் வருகையை அறியும். அங்கே அது பாறை எங்கே முறிகிறது என்று அறிந்தது. 1965இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் கூடி, அதே சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டதும் இத்தகைய மெல்லிய மின்குறிகளைக் கொண்டே.

இத்தனையும் அறிந்த ஊரில், உறவினர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். முதலில் வந்த ஒப்பந்தக்காரர், குழாய்ச் செலவை மிச்சப்படுத்த, 230 வோல்ட்டுக் கம்பியையும் மணிக்கம்பியையும் ஒரே குழாயில் நுழைத்துவிட்டார். ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல். உணர்கருவி ஆளில்லாத போதும் விளக்கை ஏற்றிற்று. அவை தொல்லைகள் மட்டுமே. காப்புறை எங்கேனும் உரிந்தால் 230 வோல்ட்டு மெல்லிய கம்பிக்குள் பாய்ந்து, குழந்தை தொடும் பொத்தானுக்கே வந்துவிடும் என்பதுதான் அச்சம். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். இணையாகச் செல்லுமிடத்தில் ஓரடியேனும் இடைவெளி நன்று. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். பூசிய சுவரை உடைத்தனர்.

பிறகு வாயிற்கதவின் பூட்டு. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் கேட்கும் பூட்டு அது. மையப் பெட்டியிலிருந்து 30 மீட்டர் தொலைவு. கம்பியோ அரைச் சதுர மில்லிமீட்டர். போக்குவரத்துக்கு 60 மீட்டர், தடை 2.1 ஓம். வழியிலேயே 4.2 வோல்ட்டு வீழ்ந்து, பூட்டுக்கு 7.8 வோல்ட்டே சேர்ந்தது. அது முனகிற்று, திறக்கவில்லை. நாம் சிவசமுத்திரத்தை நினைவூட்டினோம். 24 வோல்ட்டுப் பூட்டு ஒன்றை மாற்றியதும் ஓட்டம் ஒரு ஆம்பியராகக் குறைந்தது; வழியில் வீழ்வதும் 2.1 வோல்ட்டாக இறங்கிற்று, கதவு திறந்தது. லாட்பினியர் 147 கிலோமீட்டருக்குப் போட்ட கணக்கை 30 மீட்டருக்குப் போடவேண்டியிருந்தது, அவ்வளவே.

அதைவிட நம்மை உறுத்தியது வேறு. மின்சாரம் நின்றால் அக்கதவு பூட்டியபடி நிற்குமா, திறந்துகொள்ளுமா என்று எவரும் கேட்டிருக்கவில்லை. உள்ளே தீ என்றால் முதியோர் எவ்வாறு வெளியேறுவர்? சுரங்க மணிக்குத் தனி மின்கலம் வைத்ததன் நோக்கம், பெருங்கம்பி ஓய்ந்தாலும் ‘நிறுத்து’ என்னும் சொல் மேலே போய்ச் சேரவேண்டும் என்பது. வீட்டிலும் தனி மின்கலம் வைக்கச் செய்தோம். உட்புறம் கையால் திருப்பித் திறக்கும் பிடியும் வைக்கச் செய்தோம். மகனுக்கு அப்பிடி அழகாகப் படவில்லை. அவன் தாயார் அதையே முதலில் திருப்பிப் பார்த்தார்.

இரண்டாம் முறை வேலையை நம் ‘பெல் ஒயர்’ நண்பரே ஏற்றார். சுவர் எழுமுன் தாளில் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்தார். ஒவ்வொரு கம்பியையும் இடையில் ஒட்டாமல் நேரே மையப் பெட்டிக்குக் கொணர்ந்தார். இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதினார். நாளை வரும் தேவைக்கென்று சில குழாய்களை வெறுமையாக விட்டு, உள்ளே ஒரு நூலை மட்டும் ஓடவிட்டார். எங்கே கற்றீர்கள் என்று வினவினோம். கம்பியில் எண் இல்லாவிட்டால் எந்தத் தளத்திலிருந்து மணி வருகிறது என்று யாருக்குத் தெரியும் என்று தந்தையார் சொல்வாராம்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றது; ஆழத்தில் தண்ணீர் ஏறிற்று. மணிக்கம்பிகள் சென்ற குழிகள் இன்று நீரினடியில் இருக்கின்றன. நண்பர் வீட்டுத் திண்ணையில் பித்தளை மணி ஒன்று தொங்குகிறது. தெருப்பிள்ளைகள் அதை இரண்டு முறை அடித்துவிட்டு ஓடுவார்கள். அவர் உள்ளிருந்தே, “இறக்குறதுக்கு இங்க ஒண்ணும் இல்லப்பா” என்பார்.