புத்தளத்துக்குள் ஓர் அளம்

இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள புத்தளம் என்ற ஊரின் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. உப்புத்தளம் என்பதில் முதலெழுத்து உதிர்ந்து புத்தளம் ஆயிற்று என்பது ஒன்று. புது அளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்பது மற்றொன்று. இரண்டும் உப்பைத்தான் சுட்டுகின்றன. ஆனால் இரண்டுக்கும் வலு ஒன்றல்ல. புதுமை என்ற பண்புப்பெயர் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது ஈறு கெட்டுத் தகரம் இரட்டிக்கும். புது அரிசி புத்தரிசி, புது ஊர் புத்தூர், புது ஆண்டு புத்தாண்டு. அதே வழியில் புது அளம் புத்தளம். நன்னூல் படித்த மாணவர் எவரும் தயங்காமல் சொல்லக்கூடிய புணர்ச்சி இது. உப்புத்தளம் என்று கொண்டால், முதல் உகரம் ஏன் போயிற்று என்று தனியே காரணம் தேட வேண்டும். உப்பு விளையும் நிலத்துக்கு அளம் என்ற உரிய சொல் இருக்கையில் தளம் என்ற பொதுச்சொல் ஏன் வந்தது என்றும் கேட்க வேண்டும். நான் புது அளத்தின் பக்கமே நிற்கிறேன்.

அளம் இன்று தனித்து வழங்குவதில்லை. உப்பளம் என்ற கூட்டுக்குள்தான் உயிர்வாழ்கிறது. முன்பு அதற்கு உப்பு என்ற அடைமொழியே தேவைப்படவில்லை. அளம் என்றாலே உப்பு விளையும் இடம். திருவாரூர் மாவட்டத்தில் பேரளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கோவளம் என்ற பெயரையும் கோ அளம், அதாவது அரசனின் அளம், என்று விரிப்போர் உண்டு. மலையாளத்திலும் அளம் இதே பொருளில் இருப்பதால், இரு மொழிகளும் பிரிவதற்கு முன்பே சொல் இருந்திருக்க வேண்டும். நிகண்டுகள் அளக்கர் என்ற சொல்லுக்குக் கடல், சேறு, உப்பளம் என்று பல பொருள் தருகின்றன. அளறு என்றால் சேறு. கடல்நீரும் களிமண்ணும் சேர்ந்த ஈர நிலத்தின் நினைவு இந்தச் சொற்குடும்பம் முழுவதிலும் ஒட்டியிருக்கிறது.

மனிதர்களுக்கும் இந்தச் சொல் பெயர் தந்தது. நெய்தல் நில மக்களைச் சொல்லும்போது பரதவர், நுளையர், திமிலர் என்பவர்களோடு அளவர் என்ற பெயரையும் நிகண்டுகள் வைக்கின்றன. அளவர் உப்பு விளைப்பவர். அவர்களின் பெண் அளத்தி. விளைந்த உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர் உமணர். அகநானூற்றில் உமணப் பெண் நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று கூவி விற்கிறாள். விளைப்பவருக்கு ஒரு பெயர், விற்பவருக்கு வேறொரு பெயர் என்று மொழி பிரித்து வைத்திருந்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இரண்டும் வெவ்வேறு அறிவு என்பதை அந்தச் சமூகம் அறிந்திருந்தது.

சம்பளம் என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கும் வழக்கம் உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வழிச்செலவுக்கான உணவைக் குறிக்கும் சம்பல என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகத் தமிழ்ப் பேரகராதி காட்டும் வழி இதைவிட உறுதியானது. அளத்தின் பெருமைக்கு இந்த இரவல் தேவையில்லை.

அளம் செய்யும் வேலை என்ன? கடல்நீரைக் காயவைத்தால் உப்பு என்று எண்ணுவது எளிது. முழுவதையும் காயவைத்தால் கிடைப்பது வாயில் வைக்க முடியாத கசப்புக் கலவை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சோற்றுக்குப் போடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுதான். மீதியில் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட்டு, கால்சியம் சல்பேட்டு, பொட்டாசிய உப்புகள், சிறிது சுண்ணாம்பு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய செலஞ்சர் கப்பல் கொண்டுவந்த நீர் மாதிரிகளில் 77ஐ வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். திறந்த கடலில் எங்கே நீர் எடுத்தாலும் மொத்த உப்பு கூடலாம், குறையலாம். உப்புகள் ஒன்றுக்கொன்று நிற்கும் விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது. ஒரு கரையில் கற்ற உப்புத் தொழில் இன்னொரு கரையிலும் செல்லுபடியாவது இதனால்தான்.

அளத்தின் நுட்பம் இந்த உப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பிரிப்பதில் இருக்கிறது. முதலில் பெரிய தேக்கம். அங்கே வெயிலும் காற்றும் பட்டு நீர் பாதியாகச் சுண்டும்போது சுண்ணாம்பு படிகிறது. அடுத்தடுத்த ஆழம் குறைந்த பாத்திகளுக்கு நீர் நகர்கிறது. ஐந்தில் ஒன்றாகச் சுண்டியதும் கால்சியம் சல்பேட்டு ஜிப்சமாக அடியில் ஒட்டுகிறது. பத்தில் ஒன்றுக்கு வந்தபிறகே சோடியம் குளோரைடு படிகமாக இறங்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தில்தான் நீர் கடைசிப் பாத்திக்குள், உப்பு எடுக்கும் பாத்திக்குள், நுழைய வேண்டும். முந்தினால் உப்போடு ஜிப்சம் கலக்கும். அங்கேயே அளவுக்கு மீறிச் சுண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் பார்த்தால் கடல்நீர் 3 பாகைக்குச் சற்று மேல்; உப்பு இறங்கும் நீர் 25 பாகை; 29, 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். மானி வருவதற்கு முன்னும் இதைக் கணித்தார்கள். நீரின் நிறம், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, மேலே மிதக்கத் தொடங்கும் மெல்லிய ஏடு ஆகியவையே கணக்கு. அடர்ந்த நீரில் மட்டும் வாழும் நுண்ணுயிர்கள் பாத்தியைச் செந்நிறமாக்கும். அந்த நிறம் வெயிலை இன்னும் வாங்கி ஆவியாதலை விரைவுபடுத்துவதால் அது உப்புக்காரருக்கு நல்ல அடையாளம்.

வாரிய உப்பு உடனே சந்தைக்குப் போகக்கூடாது. குவித்து, கிடுகு வேய்ந்து, மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். காற்றிலுள்ள ஈரத்தை முதலில் உறிஞ்சுவது மக்னீசியம் குளோரைடு. அது கசிந்து கீழே வடிந்தபின் குவியலில் நிற்பது தூய உப்பு. வீட்டு உப்புச் சாடி மழைக்காலத்தில் நீர்விட்டால், அந்த உப்பு அளத்தில் போதிய காலம் காத்திருக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

புத்தளத்துக் கரைக்கு இயற்கையும் துணை நின்றது. புத்தளம் களப்பு வடக்கே மட்டும் கடலுக்குத் திறந்திருக்கிறது. தெற்கு மூலையில் நீர் எளிதில் மாறாமல் தேங்கி, வறட்சியில் கடலைவிடக் கரிப்பேறிவிடும். கலா ஓயா, மீ ஓயா ஆறுகள் இரண்டின் நன்னீரும் மழைக்காலத்துக்குப் பின் மெலிந்துவிடும். களப்பின் தென்கோடி அளத்தின் முதல் தேக்கத்துக்குரிய வேலையில் ஒரு பங்கைத் தானே முடித்துக் கொடுக்கிறது. நீர் இறங்காத களித்தரை, மே முதல் செப்டெம்பர் வரை வறண்டு வீசும் சோளகக் காற்று. புத்தளத்தை அடுத்த பாலாவியில் அளம் அமைந்ததற்கு இவை போதும்.

அம்பாந்தோட்டைப் பக்கத்தில் கதை வேறு. அங்கே லேவாய என்று சிங்களத்தில் அழைக்கப்படும் கடலோரக் குட்டைகளில் வறட்சியில் உப்பு தானாகவே உறையும். மக்கள் போய் அள்ளினார்கள். லேவாய இயற்கை கொடுத்த இடம். அளம் மனிதர் வரப்புக் கட்டி, நீர் திருப்பி, ஆக்கிய இடம். புது அளம் என்ற பெயரில் உள்ள புது, ஒருநாள் யாரோ அதைப் புதிதாக வெட்டினார்கள் என்பதைச் சொல்கிறது. புத்தளத்துப் பேச்சில் உப்பளத்தை உப்பு வாய்க்கால் என்று வழங்குவதும் இதே பொருளில்தான்: நீரை நடத்திச் செல்வதே அங்கே தொழில்.

எப்போது வெட்டினார்கள்? 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இடத்தைப் பத்தாலா என்று எழுதுகிறார். அரபியில் p ஒலி இல்லாமல் b மட்டும் இருப்பதால் புத்தளம் அப்படி ஆனது என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. அவர் கண்ணில் பட்டவை கரையில் குவிந்த கறுவாக் கட்டைகளும் அரசனிடமிருந்த முத்துகளும். ஊர்ப் பெயருக்குள் இருக்கும் உப்பை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பெயர் அன்றே இருந்தது என்றால், அந்தப் ‘புது’ அளத்துக்கு இப்போது 680 ஆண்டுகளுக்கு மேல் வயது.

உப்பைப் பற்றி எழுதியவர் இராபர்ட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்து தப்பிய அவர் 1681இல் வெளியிட்ட நூலில், மேற்குக் கரையில் போர்ட்டலூன் என்ற துறையிலிருந்து அரசனின் நாட்டில் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் போவதாகச் சொல்கிறார். அந்தத் துறை புத்தளம். ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை எழுப்பிக் களப்பின் வாயைக் காவல் செய்ததும் அதே காலம். மலைநாட்டில் நெல் உண்டு, பாக்கு உண்டு, கறுவா உண்டு; உப்பு ஒரு மணியும் இல்லை. பொதி மாட்டு வரிசைகள் உப்பும் கருவாடும் ஏற்றி மேலே போயின. பாக்கு ஏற்றி இறங்கின. சிங்களத்தில் அந்த வரிசைக்குத் தவலம என்று பெயர். வணிகர் தங்கும் இடத்தைக் குறித்த தாவளம் என்ற தமிழ்ச்சொல்லே அதன் மூலம். ஒலியில் அளம் கேட்டாலும் இரண்டுக்கும் உறவில்லை. 1766 உடன்படிக்கையில் இலங்கைக் கரை முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தபோதும், கண்டிக் குடிகள் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையை அரசன் தக்கவைத்தான். கரையை அடைப்பவன் நாட்டின் உணவையே அடைக்கிறான் என்று இரு தரப்பும் தெளிவாக அறிந்திருந்தன.

இதே மாவட்டத்தின் மற்றொரு துறைக்கும் கடலின் விளைச்சலே பெயராக நிற்கிறது. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாபம் அதிலிருந்து வந்தது என்பர். கடல் முதலில் கைவிடும் சுண்ணாம்பைச் சிப்பி வாங்கி முத்தாக்குகிறது. கடைசிக்குச் சற்று முன் கைவிடும் உப்பை அளம் வாங்கிக்கொள்கிறது. அருவக்காட்டில் வெட்டிப் பாலாவித் தொழிற்சாலையில் சீமெந்தாகும் சுண்ணக்கல்லும் மயோசீன் காலத்துக் கடல் படியவைத்ததே.

1980களில் இந்தக் கரையில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகளை வெட்டிக் குளங்கள் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைச் சாய்த்தது. கைவிடப்பட்ட குளங்களில் சில பின்னர் உப்புப் பாத்திகளாயின. உப்பாவது எஞ்சியதே என்று ஆறுதல் கொள்ள என்னால் முடியவில்லை. கண்டல் நின்ற இடத்தில் மீன்குஞ்சு வளர்ந்தது, கரை நின்றது. பாத்தியில் இரண்டும் இல்லை. களித்தரையில் பழைய அளவர் தேர்ந்து வெட்டிய அளம் வேறு, காட்டை அழித்த பள்ளத்தில் தேங்கிய பாத்தி வேறு. இரண்டையும் உப்பளம் என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அளத்துக்கு நேர் எதிரி மழை. 25 பாகைக்கு ஏற்றிய நீரில் ஒரு பெருமழை விழுந்தால் பல வார வேலை கரைந்துபோகும். 2024இன் பிற்பகுதியிலும் 2025இலும் காலம் தப்பிய மழையால் இலங்கையின் உப்பு விளைச்சல் வீழ்ந்தது. 2025 சனவரியில் இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வந்து இறங்கியது. மே மாதத்தில் கடைகளில் மறுபடியும் உப்பு கிடைக்கவில்லை. நாலாபுறமும் கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்கு எப்படிப் பஞ்சம் என்று பலர் கோபத்தோடு கேட்டார்கள். கடலில் குறைவேதும் இல்லை. குறைந்தவை வெயில் நாட்கள்; அந்த நாட்களை எண்ணி எந்த மடையை எப்போது திறப்பது என்று அறிந்தவர்களைத்தான் நிகண்டு அளவர் என்றது.